தேதியை மாற்றி வாசித்தவள்

போர்ட் பிளேர்
14 அக்டோபர் 1930

கெங்கம்மாவுக்கு,

உன் அத்தை மகனும், நாலு வருஷமாக உன் புருஷனும், போன மாதம் வரை ராயபுரத்தில் சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கி ஆபீசில் குமாஸ்தாவுமாக இருந்த கோதண்டம் எழுதுவது. சொல்லாமல் கப்பல் ஏறியவன் தன்னை இவ்வளவு தூரம் அறிமுகம் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

கப்பலில் நாலு நாள். ஏறினவர்களில் பாதிப் பேர் தலை தூக்கவில்லை. நான் மேல்தட்டில் நின்று கோலா மீன்கள் தண்ணீரை விட்டுக் கிளம்பிப் பறப்பதைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். இதை உன் அண்ணன் லட்சுமணனிடம் அவசியம் சொல். நாலு பேர் இருக்கும்போது சொல்.

ஆவணியில் அவன் புதுக் கட்டுமரம் இறக்கிய நாளை நான் மறக்கவில்லை. புது மரம் முதல் அலையைத் தாண்டும்போது வீட்டு மாப்பிள்ளை அதில் உட்கார வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். உட்கார்ந்தேன். முதல் அலை எழும்பியதும் குதித்துக் கரைக்கு ஓடி வந்தேன். வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முகத்துவாரக்குப்பம் முழுக்கச் சிரித்தது. அவர்கள் சிரிக்கட்டும், எனக்கென்ன. நீயும் சிரித்தாய். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. அதை நான் பார்த்துவிட்டேன் என்பதும் உனக்குத் தெரியும்.

நிற்க. இந்தத் தீவுகளில் உள்ள பறவை, மீன், மரம், மிருகம் எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பு எடுக்கிற ஒரு துரையிடம் எனக்கு வேலை. அவருக்கு நீராவிப் படகு ஒன்று உண்டு. அதில் தீவு தீவாகப் போகிறோம். நேற்று ஒரு கரையில் இறங்கினேன். மணல் மாவாக வெளுத்திருக்கிறது. காடு தண்ணீர் வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறது. ஒரு மனித அடிகூட இல்லை, என்னுடையதுதான் முதல் அடி. அங்கே சிரிப்பதற்கு ஆள் இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வருஷம் வேலை. மாதம் ஒரு கப்பல்தான் தபால் கொண்டுவரும். பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

கோதண்டம்


முகத்துவாரக்குப்பம், எண்ணூர்
20 நவம்பர் 1930

மாமாவுக்கு,

கெங்கம்மா எழுதிக்கொண்டது. உறை மேல் உங்கள் பேரை எழுதும்போது கை கூசியது. வேறு வழி இல்லை, எழுதிவிட்டேன்.

போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, நீங்கள் ஆபீசிலிருந்து வருவீர்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு வைத்தும் வரவில்லை. மறுநாள் கிட்டங்கி ஆள்தான் வந்து சொன்னான், கப்பல் ஏறிவிட்டார் என்று. அந்தக் குழம்பை யாருக்கும் கொடுக்கவில்லை. கொட்டிவிட்டேன்.

ராயபுரம் அறையைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணி தாயம்மா நல்லவள்தான். சோற்றைப் போட்டுவிட்டுத்தான் ஒரு பேச்சுப் பேசுவாள். பகலில் கருவாட்டுக் கூடையோடு திருவொற்றியூர் வரைக்கும் போய் வருகிறேன். வீட்டில் இருப்பதைவிட நடப்பது தேவலை.

நான் சிரித்தது உண்மை. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது, மாமா. வேண்டும் என்று சிரிக்கவில்லை.

நாலாவதுவரை ஃப்ளோரா டீச்சர் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தான் போலிருக்கிறது. உங்கள் கடிதத்தை நான் தனியாகத்தான் படித்தேன். அண்ணன் விடவில்லை. "இன்னாமா, மச்சான் லெட்டர் வந்துக்கீதாமே? படி, கேக்கலாம்" என்று உட்கார்ந்துவிட்டான். ஆவணிச் சமாசாரத்தை விட்டுவிட்டுக் கப்பலையும் வெள்ளை மணலையும் மட்டும் வாசித்தேன். கேட்டுவிட்டு, "மச்சானா? நம்ம மச்சானா கோலா மீன் பாத்துக்கினு போச்சு?" என்றான். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அந்த வேலையில் உங்களுக்குச் சமைப்பது யார்?

கெங்கம்மா


போர்ட் பிளேர்
22 டிசம்பர் 1930

கெங்கம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிப்பு தானாக வந்தது என்கிறாய். இருக்கலாம். தானாக வந்ததுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

சமைப்பதற்கு ஆள் இருக்கிறது. எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரம் இல்லை. பதினைந்து நாளாகப் படகிலேயே இருந்தோம். கிழக்கே ஒரு தீவு. தீவு என்று சொல்வதைவிட, கடலுக்குள்ளிருந்து ஒரு கரிமலை தலை நீட்டியிருக்கிறது என்று சொல்லலாம். எப்போதோ நெருப்புக் கக்கிய மலை. இப்போதும் உச்சியில் லேசாகப் புகை. கரையில் கால் வைத்தால் கருப்புச் சாம்பல், பேசின் பிரிட்ஜ் நிலக்கரிக் கிடங்குக்குள் நடக்கிற மாதிரியே இருந்தது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கும் வடக்கே இன்னொரு தீவில் இருவாச்சி என்கிற பறவை. அலகு பெரிது, பறந்தால் சிறகுச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். முட்டை வைக்கிற காலத்தில் பெண் பறவை மரப் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுமாம். ஒரு சின்னச் சந்து மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை பழம் பழமாகக் கொண்டுவந்து அந்தச் சந்து வழியாக ஊட்டும். ஒரு மணி நேரம் அந்த மரத்தடியில் நின்று பார்த்தேன்.

பிறகு ஒரு குகை. இருட்டுக்குள் ஆயிரம் குருவி. எச்சிலாலேயே கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டைச் சீனாக்காரன் சூப்பு வைத்துக் குடிப்பானாம். தாயம்மாவிடம் சொல், அவளுக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

என்னோடு தூத்துக்குடி ஆள் ஒருவர், வெள்ளத்துரை என்று பேர். படகின் சுக்கான் அவர் கையில். தமிழ் பேச அவர் ஒருவர்தான் கிடைக்கிறார், அதுவும் படகு கரையில் கட்டியிருக்கிற நாளில்.

கோதண்டம்


முகத்துவாரக்குப்பம்
16 ஜனவரி 1931

மாமாவுக்கு,

பொங்கல் வந்து போயிற்று. வாசலில் மூன்று பானை வைத்தோம், அண்ணனுக்கு ஒன்று, அம்மா பேரில் ஒன்று, நமக்கு ஒன்று. நம் பானை கடைசியில்தான் பொங்கியது. அண்ணி அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தாள்.

இருவாச்சிக் கதையைப் படித்துவிட்டு நான் கோபப்பட்டேன். அந்தப் பறவையாவது வாய்க்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. உங்களுக்கு அதை எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லையா?

நீங்கள் இங்கே பெரிய ஆள் ஆகிவிட்டீர்கள். கடிதம் வந்தது என்றால் வலை கட்டுகிறவர்கள்கூட எழுந்து வந்துவிடுகிறார்கள். புகை மலையை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? மார்கழிக் கடைசியில் ஒருவன் ஆவணிப் பேச்சை எடுத்தான். அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்க மச்சான் இன்னைக்கு எந்தத் தீவாண்ட கீறாரோ! நீ கொசஸ்தலை ஆத்தத் தாண்டிக்கீறியாடா?" என்று கத்தினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் கூட்டம் கலைந்த பிறகு கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மலை இருக்கிறது, பறவை இருக்கிறது, குகை இருக்கிறது. நீங்கள் எங்கே என்று தேடுகிறேன். வெயில் சுட்டதா, மழையில் நனைந்தீர்களா, என்ன சாப்பிட்டீர்கள், ஒன்றும் இல்லை. இந்தக் கடிதங்களை யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம். எனக்கு என்று ஒரு வரிகூட இல்லையே மாமா.

பங்குனி ஆமை என்று பேர்தான், தையிலேயே கரை ஏறத் தொடங்கிவிட்டது. விடியற்காலை போனால் மணலில் தடம் தெரிகிறது. தனியாகத்தான் போய்ப் பார்க்கிறேன்.

கெங்கம்மா


போர்ட் பிளேர்
11 பிப்ரவரி 1931

கெங்கம்மாவுக்கு,

உனக்கு என்று ஒரு வரி கேட்டாய். இதை உனக்காகவே எழுதுகிறேன்.

வடக்கே இரட்டைத் தீவு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கடல். நேற்று மத்தியானம் அங்கே போய் நங்கூரம் போட்டோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி இறங்கியது. நடுவே வெள்ளை மணலில் ஒரு பாதை எழுந்து வந்தது. இந்தத் தீவிலிருந்து அந்தத் தீவுக்குக் கால் நனையாமல் நடந்து போனேன். வலது பக்கம் ஒரு நீலம், இடது பக்கம் ஒரு நீலம். நடுவில் நான். பாதி வழியில் நின்று, கெங்கம்மா கூட வந்திருந்தால் என்று நினைத்தேன். திரும்பி வந்து படகில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே பாதை மூழ்கிவிட்டது. அப்படி ஒரு இடம் இருந்த அடையாளமே இல்லை.

நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மாதிரி ஒரு பாதை எழுந்தால் நடந்தே வந்துவிடுவேன்.

கோதண்டம்


முகத்துவாரக்குப்பம்
9 மார்ச் 1931

மாமாவுக்கு,

மணல் பாதைக் கடிதத்தை நான் முதலில் தனியாகத்தான் படித்தேன். அழுதேன். கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அந்தச் சந்தோஷத்தில் கூட்டத்துக்கும் வாசித்துக் காட்ட உட்கார்ந்துவிட்டேன். மேலே இருக்கிற தேதியிலிருந்து தொடங்குவதுதான் என் பழக்கம். தேதியை வாய்விட்டுச் சொல்லப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

நீங்கள் 'நேற்று' என்று எழுதிய பிப்ரவரி பத்தாம் தேதி தேய்பிறை அஷ்டமி. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் தைப்பூசம். கருவாடு விற்கிறவள் என்றாலும் நான் முகத்துவாரத்தில் பிறந்தவள். இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித்தான் கடல் நன்றாக இறங்கித் தரையைக் காட்டும். அஷ்டமி நவமியில் அசைந்து கொடுக்காது. எண்ணூர்க் கடலுக்கு ஒரு சந்திரன், அந்தமான் கடலுக்கு ஒரு சந்திரனா? அஷ்டமி அன்றைக்கு இரண்டு தீவுக்கு நடுவில் கால் நனையாமல் நடந்தேன் என்று கடலுக்குப் போகிறவன் எவனும் எழுதமாட்டான்.

எதிரில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன்கூட விடமாட்டான். இன்னொரு ஆவணி வந்துவிடும்.

நான் தேதியை மாற்றி வாசித்தேன், மாமா. "தைப்பூசத்தன்று மத்தியானம்" என்று வாசித்தேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "பூசத்துத் தண்ணி அப்பிடித்தான் வத்தும்" என்று அண்ணன் சொன்னான்.

பழைய கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒன்றிலும் காற்று எந்தப் பக்கம் என்று இல்லை. உப்பில் கை எரிந்ததாக இல்லை. படகில் பதினைந்து நாள் இருந்தவர் கடிதம் மாதிரி இல்லை.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? நான் யாரிடமும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

கெங்கம்மா


முகத்துவாரக்குப்பம்
10 ஏப்ரல் 1931

மாமாவுக்கு,

ஒரு கப்பல் வந்து போய்விட்டது. உங்கள் கடிதம் இல்லை. தபால்காரரைப் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். பாவம், காட்டினார்.

கூட்டத்துக்குப் பழைய கடிதத்தையே புதிது மாதிரி வாசித்தேன். குருவிக் கூட்டை இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தான்.

பொய் எழுதினாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

கெங்கம்மா


போர்ட் பிளேர்
24 ஏப்ரல் 1931

கெங்கம்மா,

உன் இரண்டு கடிதமும் என் மேஜை மேல் இருக்கின்றன. அந்த மேஜையிலிருந்துதான் நான் எல்லாத் தீவுக்கும் போனேன்.

மரப்பலகை அறை. மூன்று பக்கமும் கண்ணாடிச் சீசாக்கள், அவற்றில் ஸ்பிரிட்டில் ஊறுகிற மீனும் பாம்பும். பஞ்சு அடைத்த பறவைகள் தட்டுத் தட்டாக மல்லாந்து கிடக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டுக் கட்டுவது என் வேலை. என்ன பேர், எங்கே கிடைத்தது, யார் எடுத்தது என்று எழுதுவேன். துரை படகில் போய்விட்டு வந்து பென்சில் குறிப்புகளைக் கொடுப்பார். உப்புத் தண்ணீர் பட்டு எழுத்து அழிந்திருக்கும். அதை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுப்பேன். சாயங்காலம் அதையே தமிழில் உனக்கு எழுதுவேன். துரை 'நான்' என்று எழுதியிருந்த இடத்தில் நானும் 'நான்' என்றே எழுதினேன். அவர் அந்த மணல் பாதையில் நடந்தது தைப்பூசத்தன்றுதான். காகிதம் என் கைக்கு வந்தது எட்டு நாள் கழித்து. அவசரத்தில் 'நேற்று' என்று போட்டுவிட்டேன். கெங்கம்மா கூட வந்திருந்தால் என்பது மட்டும் துரை எழுதியது இல்லை.

ஏழு மாதத்தில் நான் ஒரு தீவையும் பார்க்கவில்லை. படகுத்துறைப் பலகையின் நுனிவரைக்கும் போவேன். வெள்ளத்துரை கையை நீட்டுவார். "வாரும்வே, நாலு எட்டுதான். எத்தனை நாளைக்குக் கரையிலேயே காவல் காப்பீரு?" என்பார். எனக்குக் கால் வராது. படகு ஊதிவிட்டுப் போகும். பிறகு பத்து நாளைக்கு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஒருவரும் இல்லை. ஒரு நாள் நானே 'கோதண்டம்' என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அப்படிச் செய்யவில்லை, பயமாக இருந்தது.

கோலா மீனும் பொய். நாலு நாளும் கப்பலின் அடித்தட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சாகிறோம் என்றே நினைத்தேன். ஏன் இப்படி என்று காரணம் கேட்காதே. சின்ன வயதில் முங்கினேன், யாரோ தள்ளிவிட்டார்கள் என்று ஏதாவது இருந்தால் சொல்லிவிடலாம். ஒன்றும் இல்லை. தண்ணீர் அசைந்தால் எனக்கு உயிர் அசைகிறது, அவ்வளவுதான்.

இப்போது விஷயத்தைக் கேள். துரையிடம் சொன்னால் வேலையிலிருந்து விடுவார். வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியும் அதே கடல்தான். நான் இங்கேயே இருந்துவிடுவேன் போலிருக்கிறது.

கோதண்டம்


முகத்துவாரக்குப்பம்
14 மே 1931

மாமாவுக்கு,

கடிதத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை. இரண்டு நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

கட்டுமரத்தில் ஒரு அலைகூடத் தாங்காதவர், நாலு நாள் கடலைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எதற்கு? என் சிரிப்பு காதில் விழாத இடத்துக்கு. இதை நினைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் அண்ணனிடம் போய், என்னைக் கட்டுமரத்தில் உட்கார வைத்து அலையைக் காட்டு என்றேன். எங்கள் குப்பத்தில் பெண்பிள்ளை மரம் ஏறுவதில்லை. சிரித்த நான் ஒரு நாளும் கடலில் கால் வைத்தவள் இல்லை, மாமா. இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னா, பைத்தியம் புடிச்சிகிச்சா? பொம்பள ஏறுனா மீன் படுமா?" என்றான்.

"மீனுக்குப் போகாத நாளில் போ" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"எனக்குத் தெரிஞ்சாகணும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான். ஆற்று வாயிலிருந்து தள்ளினான். பிடிக்க ஒன்றுமே இல்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் தண்ணீர் வந்து வந்து போகிறது. கரை ஆடுகிறதா நான் ஆடுகிறேனா தெரியவில்லை. முதல் அலை எழுந்து நின்றபோது கத்திவிட்டேன். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டேன். காலையில் குடித்த கஞ்சியெல்லாம் அவன் மேல். குதித்து ஓடுவதற்குக்கூட என்னால் முடியவில்லை. நீங்கள் குதித்தாவது ஓடினீர்கள்.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாயம்மா அண்ணி நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள். அப்போதுதான் அந்தச் சிரிப்பு தண்ணீர்ப் பக்கத்திலிருந்து எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணன் என்னைத் தூக்கிக் கரையில் விட்டுவிட்டு மெதுவாகக் கேட்டான். "மச்சான் தீவுக்கெல்லாம் போவலதானே?" நான் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். "அஷ்டமின்னு எனக்கும் தெரியும்மா. லெட்டரு மேல தபால் முத்திரையில கீற தேதிய நானும் பாத்தேன், நீ பூசம்னு மாத்திப் படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. வரச் சொல்லு. நான் ஒண்ணியும் கேக்கமாட்டேன்" என்றான்.

பயம் போன பிறகு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. பயந்துகொண்டே வாருங்கள். நாலு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தால் மெட்ராஸ் வந்துவிடும்.

அதுவரைக்கும் உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஒரு எறும்பானாலும் போதும்.

கெங்கம்மா


போர்ட் பிளேர்
12 ஜூன் 1931

கெங்கம்மா,

என் கண்ணால் பார்த்தது:

ஆபீசுக்குக் கீழே ஒரு சின்னக் கரை. முப்பது எட்டு வைத்தால் முடிந்துவிடும். துரைக்கு அது ஒரு கரையே இல்லை, குறிப்பில் எழுதமாட்டார். அங்கே ஒரு நண்டு. அதற்குச் சொந்த ஓடு கிடையாது. வேறு ஏதோ உயிர் விட்டுப்போன சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு, அதையும் இழுத்துக்கொண்டு நடக்கும். நிழல் பட்டால் உள்ளே போய்விடும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரு கால் வெளியே வந்தது. பிறகு இரண்டு கண். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தது. பிறகு நடந்து போயிற்று. வெயில் கழுத்தைச் சுட்டது. காற்று தென்மேற்கு. மத்தியானம் சாப்பிட்டது சோறும் ரசமும், உப்பு அதிகம். எல்லாம் எழுதிவிட்டேனா?

துரையிடம் சொல்லிவிட்டேன். ஜூலைக் கப்பலில் வருகிறேன். மழைக்காலக் கடல், அலை பெரிது என்கிறார்கள். எனக்குச் சின்ன அலையும் பெரிய அலையும் ஒன்றுதான். பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டேன். இனிப் பதில் போடாதே, துறைமுகத்துக்கு வா. லட்சுமணனும் வரட்டும்.

நீ வாந்தி எடுத்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தலையைப் பிடித்துக்கொள்ள நான் அங்கே இல்லையே என்றுதான் இருந்தது.

கோதண்டம்


முகத்துவாரக்குப்பம்
20 ஜூலை 1931

மாமாவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது.

விடியற்காலை ரயிலில் நானும் அண்ணனும் ராயபுரத்தில் இறங்கித் துறைமுகத்துக்கு நடந்தோம். தலையில் பூ வைத்திருந்தேன். கப்பலிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கின பிறகும் நின்றோம். மேலே சங்கிலி இழுக்கிற சத்தம் மட்டும்தான். பிறகு கப்பலில் வேலை செய்கிற ஒரு கலாசி பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, "முகத்துவாரக்குப்பம் கெங்கம்மா யாரு?" என்று கேட்டான்.

அவன்தான் சொன்னான். வெள்ளத்துரை பெட்டியைக் கொண்டுவந்து ஏற்றினாராம். நீங்கள் படகுத்துறை நுனிவரைக்கும் வந்தீர்களாம். அங்கேயே நின்றுவிட்டீர்களாம். கப்பல் இரண்டு தடவை ஊதியதாம். கிளம்பின பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தானாம். அவன் இதை ஒரு வேடிக்கை மாதிரி சொல்லத் தொடங்கினான். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பெட்டியை அண்ணன்தான் தலையில் தூக்கி வந்தான். எண்ணூரில் இறங்கும்போது, "அடுத்த கப்பலு எப்போ?" என்றான். அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்தேன். மேலே வேட்டி, சட்டை. கீழே முப்பது நாற்பது சின்னப் பொட்டலம். ஒவ்வொன்றுக்கும் நூலில் ஒரு சீட்டு, ஆபீஸ் சீட்டு மாதிரியே. 'சிப்பி. கிடைத்த இடம்: ஆபீசுக்குக் கீழே உள்ள கரை. எடுத்தவர்: கோதண்டம்.' 'கடலில் ஊறின விதை. கிடைத்த இடம்: அதே கரை. எடுத்தவர்: கோதண்டம்.' எல்லாம் அதே முப்பது எட்டுக் கரை. எல்லாம் நீங்களே குனிந்து எடுத்தது. ஒவ்வொரு சீட்டாக வாய்விட்டு வாசித்தேன். உங்கள் பேரை நான் அத்தனை தடவை சொன்னதே இல்லை.

இதை அடுத்த கப்பலில்தான் அனுப்ப முடியும். அதே கப்பலில் நானும் வருகிறேன். கப்பல் நின்றதும் இதை முதலில் ஒரு கலாசியிடம் உங்களுக்குக் கொடுத்தனுப்புகிறேன். போர்ட் பிளேரில் புருஷன் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால் ஏற விடுவார்களாம், அண்ணன் விசாரித்துவிட்டான். தாயம்மா அண்ணி புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்கிறாள், அது கடலில் தங்காது என்று எனக்குத் தெரியும். பெட்டியையும் கொண்டுவருகிறேன். பொட்டலங்களை அவிழ்க்கவில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்கும் பயம் என்றால் யாராவது ஒருவர் முதலில் ஏறத்தானே வேண்டும். திரும்பி வரும்போது அடித்தட்டில் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். ஒருவர் தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம்.

படகுத்துறை நுனியில் நில்லுங்கள். அதற்கு மேல் ஒரு எட்டும் வைக்க வேண்டாம், நானே வந்துவிடுவேன். இறங்கும்போது என் கோலம் எப்படி இருக்கும் என்று தெரியாது. புடவை ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், மாமா. நன்றாகச் சத்தம் போட்டுச் சிரியுங்கள்.

கெங்கம்மா